வழிகாட்டிப் பலகையும் வழிகாப்போர் கடனும்

ஊரறிந்தவனுக்கு வழிகாட்டிப் பலகை வேண்டியதில்லை. அது ஊருக்குப் புதியவன் பொருட்டே நிற்பது. ஆயின் புதியவன் அதனை ஒருமுறை நோக்கிவிட்டுத் தன் வழியே போய்விடுகிறான். அதன்மேற் பாசி படர்வதையும், ஆணி கழன்று அது சாய்வதையும், கொடி மண்டி அதன் முகம் மறைவதையும் நாள்தோறும் காணும் வாய்ப்பு ஊரவனுக்கே உண்டு. தனக்குச் சற்றும் பயன்படாத ஒன்றை, தான் ஒருபோதும் சந்திக்கப்போகாத ஒருவன் பொருட்டுப் பேணவேண்டிய நிலையில் அவன் இருக்கின்றான். கிணற்றைத் தூர்வாருபவன் அக்கிணற்று நீரைத் தானும் பருகுகிறான். வீதியைச் செப்பனிடுபவன் அவ்வீதியில் தானும் நடக்கிறான். வழிகாட்டிப் பலகையைத் துடைத்து வைப்பவனுக்கு அத்தகைய கைம்மாறு எதுவும் இல்லை. அத்தொண்டின் பெருமைக்கும், அது பெரும்பாலும் செய்யப்படாமல் விடப்படுவதற்கும் காரணம் இதுவே எனலாம்.

இக்கடனைத் தமிழர் புதிதாகக் கற்கவேண்டியதில்லை. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாம், நன்னனைக் காணச் செல்லும் கூத்தர்க்கு அவனிடம் பரிசில் பெற்று மீளும் ஒருவன் வழிகூறுவதாக அமைந்தது. மலைவழியின் ஏற்ற இறக்கங்களையும், விலங்குகளால் வரும் ஏதத்தையும், இரவில் தங்கத்தக்க இடங்களையும் கூறிவரும் பெருங்கௌசிகனார், வழிகள் கூடிப் பிரியும் இடத்துக்கு வந்ததும் ஓர் அறிவுரையை வைக்கின்றார். அவ்விடத்தைக் கையாற் துடைத்துத் தெளிவாக்கிப் புல்லை முடிந்து அடையாளம் இட்டுச் செல்லுங்கள் என்பது அதன் கருத்து. இவ்வறிவுரை அந்நிலத்துக்குப் புதியவர்களாகிய கூத்தரை நோக்கியே சொல்லப்படுகிறது என்பது ஊன்றி நோக்கற்பாலது. வழியை இப்போதுதான் அறிந்துகொண்டவன், அறிந்த அக்கணமே பின்வருவோனுக்குக் கடன்பட்டவன் ஆகிறான். அன்றியும், ஆசிரியர் கூறும் செயல்கள் இரண்டு. துடைத்தல் முன்னது, முடிதல் பின்னது. இருக்கும் வழியைத் தெளிவாக்காது புதிய குறியை மட்டும் இடுவதாற் பயனில்லை என்பதை அக்கால வழிநடையாளர் அறிந்திருந்தனர்.

புல்முடிச்சு ஓரிரு நாட்களில் உலர்ந்து அவிழ்ந்துவிடும். அதனால் நாளடைவிற் கல் வந்தது. தமிழகத்தின் தருமபுரி வட்டாரத்திற் கிடைத்துள்ள அதியமான் பெருவழிக் கற்கள் 13ஆம் நூற்றாண்டைச் சார்ந்தன என அறிஞர் கொள்வர். அவற்றுள் ஒன்று நாவற்தாவளம் என்னும் ஊருக்கு 29 காதம் எனத் தூரத்தை எழுத்திற் கூறுகின்றது. எழுத்தோடு அது நிற்கவில்லை. பெரிய குழிகள் இரண்டும் சிறிய குழிகள் ஒன்பதும் அதே கல்லிற் குடையப்பட்டுள்ளன. பெரிய குழி பத்தையும் சிறிய குழி ஒன்றையும் குறிக்கும். எழுத்தறியாத வண்டிக்காரன் கண்ணாற் கண்டு எண்ணிக்கொள்ளலாம். இருளில் வருபவன் விரலால் தடவியும் அறிந்துகொள்ளலாம். வழிக்குறி என்பது யாருக்காக நிற்கிறதோ அவருடைய அறிவுநிலைக்கு இறங்கிவரவேண்டும் என்ற கொள்கை அக்கல்லில் மௌனமாகப் பொறிக்கப்பட்டிருக்கின்றது.

மேலைநாடுகளில் இக்கடனைத் தற்காலத்தில் முதன்முதல் பெருமளவில் ஏற்றவர்கள் துவிச்சக்கரவண்டி ஓட்டியவர்கள் என்பது பலரும் அறியாத செய்தி. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பிய வீதிகளில் மோட்டார் வண்டி அரிது. நெடுந்தூரம் செல்வோர் புகைவண்டியை நாடினர். பழைய வீதிகளில் ஊர்விட்டு ஊர் சென்ற புதியவர்கள் துவிச்சக்கரவண்டிக்காரர்களே. இங்கிலாந்தில் 1878இல் தோன்றிய அவர்களது சுற்றுலாக் கழகம், செங்குத்தான இறக்கங்களின் தலைப்பில் எச்சரிக்கைப் பலகைகளை நிறுவியது. ஒல்லாந்தில் 1883இல் உருவான அவர்களது சங்கம் 1894 முதல் வழிகாட்டிக் கம்பங்களை நாட்டத் தொடங்கியது. அதே 1894ஆம் ஆண்டில் மிலான் நகரில் 57 பேர் கூடி அமைத்த இத்தாலியக் கழகமும் இப்பணியை மேற்கொண்டது. அரசுகள் வீதிக்குறிகளைத் தம் கடமையாக ஏற்றது பின்னரே. வண்டியில் அமர்ந்து வழிதவறியவர்கள், தமக்குப் பின் வருபவன் தவறாதிருக்கத் தம் பணத்திற் பலகை வாங்கி நட்டார்கள். இதனை இரும்பாற் செய்த புல்முடிச்சு என்று கூறினும் தவறில்லை.

அம்மரபு அந்நாடுகளில் இன்றும் அறவே அற்றுப்போகவில்லை. பிரித்தானியாவில் 1977இல் பிரிஸ்டல் நகரில் ஒரு சிறு குழுவாகத் தோன்றி, பிற்காலத்திற் சஸ்ட்ரான்ஸ் என்று அறியப்பட்ட அறநிறுவனம், கைவிடப்பட்ட புகைவண்டிப் பாதையொன்றைத் துவிச்சக்கரவண்டிப் பாதையாக மாற்றியதோடு தன் பணியைத் தொடங்கிற்று. 1995இல் தேசிய அதிர்ஷ்டலாபச் சீட்டு நிதியின் உதவி கிடைத்ததும், நாடு தழுவிய துவிச்சக்கரவண்டிப் பாதை வலையமைப்பு ஒன்றை அது உருவாக்கியது. நீலப் பலகையில் வெண்ணிற வண்டியின் உருவமும், தேசியப் பாதையாயின் செந்நிறக் கட்டத்துள் அதன் இலக்கமும் அவ்வலையமைப்பின் குறிகள். நாட்டுவது ஒருமுறை நிகழும் செயல். காப்பது ஆண்டு முழுவதும் நிகழவேண்டியது. அக்காப்புப் பணியின் பெரும்பங்கு ஊதியம் பெறாத தொண்டர்களின் கையில் இருக்கின்றது. ஒவ்வொருவரும் தம் வீட்டுக்கு அணித்தான சில மைல் தூரத்தைத் தம் பொறுப்பாக ஏற்கின்றனர். வாளியும் தூரிகையும், கிளைவெட்டும் கத்திரியும், திருகாணி முடுக்கும் சாவியும், ஒட்டுதற்குரிய இலக்கத் தாள்களும் அவர்களது கருவிகள். பலகையைக் கழுவுதல், மறைக்கும் கிளையை நறுக்குதல், காற்றாலோ குறும்பராலோ திரும்பிவிட்ட அம்பைச் சரியான திசைக்குத் திருப்புதல், தம்மால் இயலாத பழுதை உரியவர்க்கு அறிவித்தல் ஆகிய நான்குமே பெரும்பாலும் அவர்கள் செய்வன. இவற்றுள் எதுவும் பத்திரிகையிற் படத்துடன் வெளிவரத்தக்க செயலன்று.

பெல்ஜியத்தின் லிம்பர்க் மாகாணத்தில் 1995இல் மற்றொரு முறை நடைமுறைக்கு வந்தது. சுரங்கப் பொறியியலாளரான ஹியூகோ பொலன் என்பவர், பாதைகள் சந்திக்கும் ஒவ்வோரிடத்துக்கும் ஓர் இலக்கம் கொடுக்கலாம் என்று கண்டார். பயணி ஊர்ப்பெயர்களை அறியவேண்டியதில்லை. செல்லவேண்டிய இலக்கங்களின் வரிசையைக் கைத்தாளில் எழுதிக்கொண்டாற் போதும். இம்முறை அயல்நாடாகிய ஒல்லாந்திலும் வேரூன்றிவிட்டது. மொழியறியாத அயலவனுக்கும் அது விளங்கும். அதியமான் பெருவழியின் குழிகளும் லிம்பர்க்கின் இலக்கங்களும் எழுநூறு ஆண்டு இடைவெளியில் ஒரே சிந்தையில் தோன்றியவை போலும்.

இவ்வளவும் செல்வம் மிகுந்த சமநிலங்களுக்குப் பொருந்தலாம். மழையும் மேடும் மலிந்த ஈழத்து மலைச்சாரலுக்கு எவ்வாறு பொருந்தும் என்ற வினா இயல்பாகவே எழும். அதற்கு விடைகாணத் தெரணியகலையைவிடத் தக்க இடம் அரிது.

சப்ரகமுவ மாகாணத்தின் கேகாலை மாவட்டத்தில், சிவனொளிபாதமலையின் மேற்குச் சாரலில் எழுந்த குன்றுகளின் மடியிற் கிடக்கும் ஊர் தெரணியகலை. அம்மலைகளில் இருந்து இறங்கும் சீதாவக்கை ஆறு அதனை அணைத்து ஓடி, அவிசாவளைக்கு அருகிற் களனி கங்கையுடன் கலக்கின்றது. அவிசாவளையில் இருந்து அட்டன் நோக்கிச் செல்லும் பெருந்தெருவில் தெஹியோவிட்ட வரை வந்து, அங்கிருந்து பிரியும் வீதியால் இவ்வூரை அடையலாம். கீழ்ச்சரிவில் இறப்பரும் மேற்சரிவிற் தேயிலையும் வளர, இடையிடையே சிங்களக் கிராமங்களின் வயல்களும் வீட்டுத் தோட்டங்களும் விரவிக் கிடக்கின்றன. நாட்டில் மிகுதியாக மழைபெறும் பகுதிகளுள் இதுவும் ஒன்று. மழை இங்கு வாழ்வைத் தருவது. வழிக்குறியை அழிப்பதும் அதுவே. சமநிலத்திற் பத்தாண்டு நிற்கும் பலகை இங்கு ஓரிரு பருவங்களிற் பசுமை பூண்டுவிடும். மரத்தூண் அடியில் இற்றுப்போகும், இரும்புத்தூண் துருவேறும், மானாப்புல் ஆளுயரம் எழும்பும், சரிவின் மண் இறங்கித் தூணையே சாய்க்கும். நாட்டியவர் மீண்டும் வந்து பாராவிடின், இம்மலைச்சாரலில் எந்தப் பலகைக்கும் நீண்ட ஆயுள் இல்லை.

துவிச்சக்கரவண்டி என்றால் யாழ்ப்பாணத்துச் சமதரையே ஈழத்தவர் நினைவுக்கு வரும். மலைநாட்டில் அதனை மிதிப்பவர் தொகை குறைவு. ஏற்றத்தில் இறங்கி உருட்டிச் செல்வதும் உண்டு. ஆயினும் ஆற்றோரமாக வளைந்து செல்லும் தெரணியகலை வீதி, குன்றுகளின் உச்சியை நோக்கும் தோட்டப் பாதைகளைப் போலக் கடுமையானதன்று. 2022இல் எரிபொருள் அருகி நாடே வரிசையில் நின்றபோது, மறந்து கிடந்த வண்டிகள் நாடெங்கும் மீண்டும் தெருவுக்கு வந்தன. வழிக்குறி காக்கும் பணிக்கு இவ்வண்டியைப்போல ஏற்ற ஊர்தி பிறிதில்லை. மோட்டார் வண்டியில் விரைபவன் பலகையின் பழுதைக் காண்பதற்குள் அதனைக் கடந்துவிடுகிறான். நடந்து செல்பவன் காண்கிறான். ஆயின் அவனது ஒருநாள் எல்லை சிறிது. வண்டியை மிதிப்பவனோ நின்று பார்க்கத்தக்க மெதுவிலும், ஒரு காலைப்பொழுதில் ஒரு பள்ளத்தாக்கையே சுற்றிவரத்தக்க விரைவிலும் செல்கிறான். வாளியையும் கத்தியையும் பின்னிருக்கையிற் கட்டிக்கொள்ளவும் இயலும்.

வழிகாட்டும் தொண்டு இம்மண்ணுக்குப் புதிதுமன்று. தெரணியகலையில் இருந்து மாலிபொட வழியாகச் சிவனொளிபாதமலைக்கு ஏறும் பாதையொன்று உண்டு. அட்டன் வழியையும் இரத்தினபுரி வழியையும் போல அது மக்கள் வெள்ளம் காண்பதன்று. காடும் அட்டையும் நிறைந்த அப்பாதையில் வழியறிந்தவரே ஏறுவர். மார்கழிப் பூரணை முதல் வைகாசிப் பூரணை வரையான யாத்திரைக் காலத்தில், முதன்முறை மலையேறுவோர்க்கு வழிதெரிந்த மூத்தவர் ஒருவர் முன்செல்வது மரபு. சிங்கள மக்கள் அவரை ‘நடே குரா’ என அழைப்பர். அவர் நடமாடும் வழிகாட்டிப் பலகை எனலாம். 1055 முதல் 1110 வரை ஆண்ட முதலாம் விஜயபாகு மன்னன், மலைக்குச் செல்லும் யாத்திரிகர்க்கு உணவளிக்கும் பொருட்டுக் கிலிமலைக் கிராமத்தை அறமாக விட்டான் என்று வரலாறு கூறும். சைவரும் பௌத்தரும் இசுலாமியரும் கிறித்தவரும் தத்தம் பெயரால் வழிபடும் அம்மலையின் பாதைகளில், வழிப்போக்கனை அவன் எம்மதத்தவன் என வினவாது வழிப்படுத்தும் பண்பு நெடுங்காலமாக நிலைத்திருக்கின்றது.

இம்மலையகத்திற் குறியின்றிக் கிடப்பவை யாத்திரைப் பாதைகளை விடத் தோட்டப் பாதைகளே. தொண்டு, வழிக்குறி என்னும் சொற்கள் ஆழ்ந்த பொருள் பெறுவதும் இங்கேதான். தோட்டத் தொழிலாளரின் முன்னோர் இந்நாட்டுக்கு வந்த வரலாறே வழியின் வரலாறு. 19ஆம் நூற்றாண்டிற் தலைமன்னாரிலும் மன்னாரிலும் இறங்கிக் காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தவர்கள் எண்ணற்றோர்; நோயாலும் பசியாலும் அவ்வழியில் வீழ்ந்தோர் பலர். அவர்கள் நினைவாக 2023இல், மலையக மக்கள் இந்நாட்டுக்கு வந்த 200 ஆண்டு நிறைவையொட்டி, தலைமன்னாரில் இருந்து மாத்தளை வரை நடைபயணம் ஒன்று நிகழ்ந்தது. ஜூலை இறுதியில் தொடங்கி ஆகஸ்ட் 12ஆம் நாள் அது நிறைவெய்தியது. முன்னோர் நடந்த அவ்வழியில் அவர்களை நினைவூட்டும் கல் ஒன்று தானும் இல்லாத இடங்கள் பல.

பின்னர், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திற் தகரத் துண்டு முறை நடைமுறைக்கு வந்தது. தோட்டத்தையும் அதன் மாவட்டத்தையும் குறிக்கும் எழுத்தும் இலக்கமும் பொறித்த சிறு தகடொன்றைக் கயிற்றிற் கோத்துத் தொழிலாளியின் கழுத்தில் அணிவித்தனர். எத்தோட்டத்துக்குச் செல்லவேண்டியவர் என்பதை அவர் வாய்திறந்து சொல்லவேண்டியதில்லை. தகட்டைப் பார்த்து வழியிலுள்ள அலுவலர் அவரை அனுப்பிவைப்பர். நடைமுறைக்கு எளிதான ஏற்பாடுதான். ஆயினும் பிறநாடுகளிற் பாதைக்கு மாட்டிய பலகையை இங்கு மனிதனுக்கு மாட்டினர் என்பதை எண்ணும்போது உள்ளம் நோகாதிருத்தல் அரிது. பாதை ஊமையாகவே விடப்பட்டது; நடப்பவன் பொதிபோல முகவரியிடப்பட்டான்.

தோட்டத்துள் வாழ்பவர்கள் தம் வழிகளுக்குத் தாமே பெயரிட்டுக்கொண்டனர். மேட்டு லயம், பணிய லயம், கொழுந்து மடுவம், பிரட்டுக்களம், கோவிலடி, ஆலமரத்தடி, மூன்றாம் கட்டை என்பன அவர்களது வரைபடம். மைல்கள் கிலோமீற்றர்களாக மாறியும் கட்டை என்னும் பெயர் மக்கள் நாவில் அழியாது நிற்கின்றது. துரைமார் இட்ட ஆங்கிலப் பெயர் ஒன்றும், கிராமத்தவர் வழங்கும் சிங்களப் பெயர் ஒன்றும், தொழிலாளர் வழங்கும் தமிழ்ப் பெயர் ஒன்றுமாக ஒரே தோட்டம் முப்பெயர் பூண்டிருத்தலும் உண்டு. ஆலை வாயிலில் உள்ள பெரும்பலகையில் இருப்பது கம்பனியின் பெயர். லயத்துக்குச் செல்லும் கவர்வழியிற் பலகை இருப்பதில்லை. வீட்டுக்கு இலக்கமும் தெருவுக்குப் பெயரும் இல்லாமையால், பல தோட்டங்களிற் தொழிலாளர்க்கு வரும் கடிதங்கள் நெடுங்காலம் தோட்டக் காரியாலயத்துக்கே வந்து சேர்ந்தன. நேர்முகத் தேர்வுக்கான அழைப்பு, நாள் கழிந்தபின் கைக்குக் கிடைப்பதன் துயரத்தை மலையக இளைஞர் நன்கறிவர்.

இக்குறைக்குச் சட்டமும் ஒரு காரணமாக இருந்தது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டம், தன் 33ஆம் பிரிவின் வாயிலாக, தோட்டக் குடியிருப்புகளுக்குப் பிரதேச சபைகள் பணிசெய்வதைக் கட்டுப்படுத்தி நின்றது. தோட்டத்து மக்கள் வாக்களித்துத் தெரிந்த சபை, அவர்கள் வாயிலில் ஒரு விளக்கையோ பலகையையோ தாராளமாக அமைக்க இயலாத விந்தை நிலை மூன்று பதிற்றாண்டுகள் நீடித்தது. 2018இல் அப்பிரிவு திருத்தப்பட்டது. இப்போது கதவு திறந்துள்ளது. ஆயின் கதவு திறந்தது என்பதால் எவரும் உள்ளே வந்துவிட்டார் என்பது பொருளன்று. பெருந்தெரு வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கும், சிறுதெரு மாகாணத்துக்கும், ஒழுங்கை பிரதேச சபைக்கும், தோட்டப் பாதை தோட்ட நிருவாகத்துக்கும் உரியன. நான்கு கைகளுக்கு இடையே உள்ள சந்தியிலேதான் பலகை வேண்டும். அச்சந்தி எந்தக் கைக்கும் முழுமையாக உரியதன்று.

பலகை இல்லாமையால் ஏற்படும் இழப்பு அலைச்சலோடு நின்றுவிடுவதில்லை. 2016இல் இரு மாகாணங்களிற் தொடங்கிப் பின்னர் நாடெங்கும் விரிந்த ‘சுவசெரிய’ நோயாளர் காவுவண்டிச் சேவையை, 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்துப் பெறலாம். மலைச்சரிவின் லயமொன்றிற் கருவுற்ற பெண்ணொருத்திக்கு நள்ளிரவில் வலி கண்டால், வண்டி பெருந்தெருவால் விரைந்து வந்துவிடும். இறுதி இரண்டு மைல்களிலேதான் அது தடுமாறும். மழையிருட்டில் ஒத்த தோற்றமுடைய இரு பாதைகள், இரண்டின் இருமருங்கும் தேயிலை, கேட்பதற்கு ஆளில்லை, கைத்தொலைபேசியின் அலையும் எல்லா மலைமடிப்புக்கும் எட்டுவதில்லை. அவ்விடத்திற் தெளிவான எழுத்துடன் நிற்கும் ஒரு பலகை மருந்துக்கு ஒப்பானது. மண்சரிவும் இத்தகையதே. 2016 மே மாதத்தில் இதே கேகாலை மாவட்டத்தின் அரநாயக்கவிற் சாமசர மலை சரிந்து ஊர்களை மூடியது. கடுமழைக் காலங்களில் விடுக்கப்படும் மண்சரிவு எச்சரிக்கைகளிற் தெரணியகலைப் பிரதேசத்தின் பெயரும் அடிக்கடி இடம்பெறுகின்றது. எப்பக்கம் ஓடவேண்டும் என்பதைக் காட்டும் குறி பாசிக்குட் புதைந்து கிடக்குமாயின், எச்சரிக்கை கேட்டும் பயனில்லை.

ஆகவே தெரணியகலைச் சாரலில் வழிக்குறி காக்கும் தொண்டு எவ்வாறு அமையலாம் என எண்ணிப்பார்த்தல் தகும். சிரமதானம் என்னும் சொல்லும் செயலும் இந்நாட்டு மக்களின் குருதியோடு கலந்தவை. 1958இல் ஏ. ரி. ஆரியரத்தின அவர்கள் கொழும்புக் கல்லூரி மாணவரோடு கனத்தொலுவைக் கிராமத்திற் தங்கி நடத்திய சிரமதான முகாமில் இருந்து சர்வோதய இயக்கம் வளர்ந்ததைப் பலரும் அறிவர். ஆயினும் சிரமதானத்தின் இயல்பு, பலர் ஒருநாளிற் கூடி ஒரு பெரும்பணியை முடிப்பது. வழிக்குறிக் காப்போ ஒருவர் பலநாள் தனித்துச் செய்யும் சிறுபணி. முன்னதற்கு உற்சாகம் போதும். பின்னதற்கு நிலைபேறு வேண்டும். ஒரு சந்திக்கு ஒரு குடும்பம், ஒரு பாதைக்கு வண்டியுள்ள ஓர் இளைஞன், ஒரு பள்ளத்தாக்குக்கு ஒரு பாடசாலை எனப் பொறுப்பைப் பகிர்ந்துகொண்டால் எவர்க்கும் சுமை மிகாது. தென்மேற்குப் பருவமழைக்கு முன் ஒருமுறை, அது ஓய்ந்தபின் ஒருமுறை, யாத்திரைக் காலத்தின் தொடக்கத்தில் ஒருமுறை என ஆண்டுக்கு மூன்று சுற்றுக்கள் பெரும்பாலும் போதும். சவர்க்கார நீரும் மென்மையான தூரிகையும் பாசியை அகற்றும். வன்மையாகத் தேய்த்தால் எழுத்தே அழியும். கத்தியாற் சுரண்டுதல் ஆகாது. புல்லை வெட்டுகையில் தூணின் அடியையும் அசைத்துப் பார்க்கவேண்டும். பழுதை அறிவிக்கும்போது இடத்தின் பெயர், அண்மைக் கிலோமீற்றர் கல், பழுதின் தன்மை, கண்ட நாள் ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதிவைத்தல் நன்று. அக்குறிப்பேடு நாளடைவில் அவ்வூரின் வழிவரலாறாகவே அமைந்துவிடும்.

இப்பணியிற் பல்கலைக்கழகத் தமிழ் மாணவர்க்கென ஒரு தனிப்பங்கும் உண்டு. 1987இல் நிறைவேறிய 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. ஏட்டில் எழுதிய அவ்வுரிமை வீதிக்கு வரும்போது சிதைவடைவதைக் காண்கின்றோர் பலர். கொம்பு மாறியும் புள்ளி தவறியும், ஒரு சொல் இரண்டாகப் பிளந்தும், பொருளே தலைகீழாகியும் நிற்கும் தமிழ்ப் பலகைகள் நாடெங்கும் உள்ளன. அவற்றைக் கண்டு நகைப்பது எளிது. சினந்து எழுதுவதும் எளிது. எழுதியவர் பெரும்பாலும் தமிழறியாத ஒருவர். தமக்குக் கிடைத்த வடிவைப் பார்த்து வரைந்தவர். பலகை எழுதப்படும் முன்னரே அதன் பிரதியைப் பார்த்துத் திருத்திக் கொடுக்க ஒரு மாணவர் குழு முன்வருமாயின், அதுவே மொழித்தொண்டு. அத்துடன், தொழிலாளர் நாவில் வழங்கும் இடப்பெயர்களைத் தொகுத்து, எப்பெயரை எந்தச் சந்தியில் எழுதவேண்டும் என அவ்வூர் மூத்தவர்களைக் கேட்டு முடிவுசெய்தலும் வேண்டும். மேட்டு லயம் என்று மக்கள் அழைப்பதைப் பலகையில் வேறு பெயரால் எழுதினால், வழிகேட்பவனுக்கும் வழிசொல்பவனுக்கும் இடையே அப்பலகை ஒரு சுவராகிவிடும். சிங்களப் பெயரும் அருகிலேயே நிற்கவேண்டும். காவுவண்டிச் சாரதிக்கும் கிராமத்து அயலவனுக்கும் அது தேவை. மொழிகள் ஒன்றையொன்று தள்ளாமல் ஒரே தூணில் நிற்கப் பழகும் இடம் வழிகாட்டிப் பலகையே.

இத்தொண்டுக்கு எதிராக ஒரு வாதம் உண்டு; அதனைப் புறக்கணித்தல் முறையன்று. அரசும் தோட்ட நிருவாகமும் செய்யவேண்டியதை மக்களே தம் கையாற் செய்துகொண்டால், பொறுப்புடையோர் நிம்மதியாக உறங்கிவிடுவர் என்பர். தலைமுறை தலைமுறையாகக் கூலியில்லா வேலைக்குப் பழக்கப்பட்ட மக்களிடம் மீண்டும் ஒரு கூலியில்லா வேலையைச் சுமத்துவதா என்றும் வினவுவர். இவ்வினாவில் நியாயம் உண்டு. நாள்முழுதும் கொழுந்து பறித்து வந்த தாயிடமோ, விடியலிற் பால்வெட்டச் சென்று திரும்பிய தந்தையிடமோ இதனைக் கடமையாக வற்புறுத்த எவர்க்கும் உரிமையில்லை. தொண்டு என்பது விரும்பி ஏற்பது. ஏவப்படின் அது தொண்டாகாது.

எனினும் நாட்டுதலும் காத்தலும் வேறு வேறு. தூணும் பலகையும் நிறுவுதல், சரிந்த கரையைக் கட்டுதல், வீதிக்கு முறையாகப் பெயரிடுதல், வீட்டுக்கு இலக்கம் வழங்குதல் ஆகியன பொதுப்பணத்தில் நிகழவேண்டியவை; அவற்றை மக்கள் உரிமையாகக் கேட்டுப் பெறவேண்டும். காத்தலில் அண்மையில் வாழ்பவனின் கண்ணுக்கு ஈடாக எந்த அலுவலகமும் இல்லை. மேலும், காப்பவனே கேட்கும் தகுதியும் பெறுகின்றான். எந்தெந்தச் சந்தியிற் பலகை இல்லை, எது எப்போது வீழ்ந்தது, எத்தனை முறை அறிவிக்கப்பட்டது என்று நாளிட்டு எழுதிய குறிப்பேட்டுடன் சபையின் படியேறுபவனை எளிதில் திருப்பியனுப்ப இயலாது. வெறுங்கையோடு செல்பவனின் குறை ஒரு முறைப்பாடு; ஏட்டோடு செல்பவனின் குறை ஒரு சான்று. பொறுப்புடையோரை உறங்கவிடாமல் வைத்திருக்க இவ்வாறான தொண்டரே வேண்டும்.

இன்னும் ஓர் எச்சரிக்கையும் தேவை. தவறான வழிக்குறி குறியின்மையிலும் தீது. குறி இல்லாத சந்தியிற் பயணி ஐயுறுகிறான், நிற்கிறான், ஆளைத் தேடிக் கேட்கிறான். பிழையான அம்பைக் கண்டவனோ ஐயமின்றிச் செல்கிறான். மண்சரிவால் மூடப்பட்ட பாதையை இன்னும் திறந்ததாகக் காட்டும் பலகை, இடம்மாறிய மருத்துவ நிலையத்தைப் பழைய இடத்திலே காட்டும் பலகை, காற்றிற் சுழன்று பள்ளத்தை நோக்கும் பலகை ஆகிய இவை ஒருவனை நம்பவைத்துக் கெடுப்பவை. ஆகவே வழிகாப்போன் தனக்குத் தோன்றியபடி புதுக்குறிகளை நாட்டும் ஆவலை அடக்கிக்கொள்ளவேண்டும். தான் நடந்து பார்த்து உறுதிசெய்யாத எதனையும் பலகையிற் கூறக்கூடாது. பொருந்தாது போன குறியை அகற்றும் துணிவும் அவனுக்கு வேண்டும். வழிப்போக்கன் தன் நம்பிக்கையை முன்பின் அறியாத ஒருவனிடம் ஒப்படைத்துச் செல்கிறான். அந்நம்பிக்கைக்கு ஈடுகொடுப்பதே இத்தொண்டின் அறம்.

இவ்வறத்துக்குப் பொருட்செலவு சிறிது. ஒரு வாளி நீர், ஒரு தூரிகை, ஒரு கத்தி, ஒரு குறிப்பேடு, ஒரு பழைய துவிச்சக்கரவண்டி, ஆண்டில் மூன்று காலைப்பொழுதுகள் ஆகியவற்றுக்கு மேல் அது கேட்பதில்லை. கழுத்தில் இலக்கம் தாங்கி இம்மலைக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள், தம் ஊர்ப்பெயரைத் தம் மொழியிற் சந்தியில் எழுதிவைத்து அதனை மழையிடமிருந்து காத்து நிற்பார்களாயின், வழிதேடி வருபவன் லயத்தை வந்தடைவான். கடிதமும் மருத்துவமும் தேர்வு அழைப்பும் அதே வழியால் உரிய நாளில் வந்துசேரும். புல்லை முடிந்துவிட்டுச் சென்ற கூத்தர், தம் பின்னே வந்தவர் யாரென அறிந்ததில்லை. தெரணியகலையின் மழையிற் பலகை துடைப்பவனும் அதனை அறியப்போவதில்லை. அறியாமலே அவன் துடைத்துவரவேண்டும்.